ஜப்பானில் ஜேஏ சங்கத்தோடு பழகிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

புகுவோகா ஆராய்ச்சி மாணவன்

ஜப்பானில் இருப்பவர்கள் யாரும் ஜேஏ என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வங்கி, காப்பீடு, பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் அதுதான். ஊர்ப்புறம் போனால் இறுதிச் சடங்கு மண்டபத்தில்கூட அந்த இரண்டு எழுத்து இருக்கும். 1947 வேளாண் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் ஊர் ஊராக உருவான விவசாயிகள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு இது. ஜேஏ என்ற பெயர் 1992-இல்தான் வந்தது. பெரியவர்கள் இன்னும் 'நோக்யோ', அதாவது வேளாண் கூட்டுறவு, என்கிறார்கள்.

நான் க்யூஷு பல்கலைக்கழகத்தின் இத்தோ வளாகத்தில் இருக்கிறேன். பக்கத்திலேயே இத்தோஷிமா நகரம். அங்கே ஜேஏ நடத்தும் 'இத்தோ சாய்சாய்' என்ற நேரடி விற்பனைக் கடை 2007-இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே அதிகம் விற்கும் கடைகளில் அதுவும் ஒன்று. காய்கறி மட்டுமல்ல, கடல் மீன், பன்றிக்கறி, பூ, ஊறுகாய் எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் 'அமாவோ' ஸ்ட்ராபெரிக்குத் தள்ளுமுள்ளுதான்.

கடை திறப்பதற்கு முன்னால் ஒருநாள் போயிருந்தேன். சின்னச் சின்ன வெள்ளை லாரிகள் வரிசையாக வந்து நின்றன. எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி வெண்டைக்காய்ப் பைகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். விலையை யார் வைப்பது என்று கேட்டேன். "நான்தான், வேறு யார்?" என்றார். லேபிளில் அவர் பெயர், ஊர், அவர் சொன்ன விலை, பார்கோடு. பக்கத்துத் தட்டில் இன்னொருவரின் வெண்டை பத்து யென் குறைவு. பாட்டி அதை ஒரு பார்வை பார்த்தார், தன் விலையை மாற்றவில்லை. அவர் பெயரைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம்.

வைத்துவிட்டு அவர் வயலுக்குத் திரும்பிவிடலாம். பில் போடுவது, பணம் வாங்குவது எல்லாம் கடையின் வேலை. விற்ற தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுகிறார்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று பகலிலேயே மொபைலுக்குத் தகவல் வந்துவிடும். தீர்ந்துவிட்டால் மறுபடி கொண்டுவந்து அடுக்கலாம். மிஞ்சியதை அவரேதான் திரும்ப எடுத்துப் போக வேண்டும். அதனால் விலையை ஏற்றி வைப்பதற்கும் ஒரு பயம் இருக்கிறது. விவசாயிக்கு மானியம் கொடுப்பதைவிட இப்படி ஒரு தட்டைக் கொடுப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிஷிகசாய் வாசி

டோக்கியோக்காரனான எனக்கு ஜேஏ என்றால் ஏடிஎம் மட்டும்தான். தொடருங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீகாத்தா மருமகள்

காய்கறிக் கடையை மட்டும் வைத்து ஜேஏவை எடை போடாதீர்கள். எங்கள் பக்கம் நெல்தான் எல்லாம். என் மாமனார் விதை, உரம் வாங்குவதும் சங்கத்தில், கடன் எடுப்பதும் சங்கத்தில். அறுத்த நெல்லை சங்கத்தின் உலர்த்தும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். தரம் பார்த்து, முதல் தரமா இரண்டாம் தரமா என்று முத்திரை போட்டு, முன்பணம் கொடுத்துவிடுவார்கள். விற்று முடித்த பிறகு கணக்கு தீர்ப்பார்கள். அந்த முன்பணம் எவ்வளவு என்று அறிவிக்கும் நாளில் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்!

2024 கோடையில் கடைகளில் அரிசித் தட்டுகள் காலியானது நினைவிருக்கும். அந்த அறுவடைக்குத் தனியார் வியாபாரிகள் ஜேஏவைவிட அதிக விலை சொல்லி ஊருக்குள் வந்தார்கள். நிறையப் பேர் அவர்களிடம் போட்டார்கள். 2025 வசந்தத்தில் 5 கிலோ பை 4,200 யென்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்கு. அரசு கையிருப்பு அரிசியை ஏலம் விட்டபோது முதல் ஏலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தது ஜேஏவின் விற்பனைப் பிரிவான சென்னோதான். அப்படியும் கடைக்கு அரிசி வர மெதுவாகவே ஆனது. டிவியில் ஜேஏவைத் திட்டாத நாளில்லை. மே மாதம் புது வேளாண் அமைச்சர் கொய்சுமி ஏலத்தை விட்டுவிட்டு நேராகக் கடைகளுக்கே கொடுத்தார், 2,000 யென் அளவில் அரிசி கிடைத்தது.

மாமனாருக்கு இரண்டு பக்கமும் கோபம். "விலை உரச் செலவுக்கே கட்டாமல் இருந்த வருஷங்களில் இந்த டிவிக்காரர்கள் எங்கே போனார்கள்?" என்பார். ஆனால் சங்கத்து உரம் வெளியில் கிடைப்பதைவிட விலை கூடுதல் என்றும் முணுமுணுப்பார். கடன் கொடுத்தவனிடமே உரமும் வாங்கும்போது எவ்வளவு பேரம் பேச முடியும், சொல்லுங்கள்.

திண்டுக்கல் சம்சாரி

நான் உழவர் சந்தையில் காய் போடுகிறவன். 1999-இல் மதுரையில் ஆரம்பித்தது, அப்புறம் எங்கள் பக்கமும் வந்தது. அது சங்கம் நடத்துவதில்லை, அரசாங்கத்தோடது. கடை வாடகை இல்லை, தராசு கொடுக்கிறார்கள், அடையாள அட்டை இருந்தால் போதும். ஆனால் விலையைப் பலகையில் எழுதுவது அதிகாரிகள். என் கத்திரியும் அடுத்தவர் கத்திரியும் ஒரே விலைதான். காலை முழுக்க நானே உட்கார்ந்து விற்க வேண்டும், காட்டு வேலை அப்படியே கிடக்கும். நீங்கள் சொல்வதில் எனக்குப் பிடித்தது, வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதுதான். ஒன்று கேட்கிறேன்: வியாபாரி மார்க்கெட்டில் வாங்கி வந்து தன் பெயரை ஒட்டி வைத்தால் யார் கண்டுபிடிப்பது? இங்கே பெரிய தலைவலியே அதுதான்.

புகுவோகா ஆராய்ச்சி மாணவன்

அண்ணே, பதிவு செய்த உறுப்பினர்தான் வைக்க முடியும். எதை எப்போது நட்டார், என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தார் என்று சாகுபடிக் குறிப்பும் கொடுக்க வேண்டும். ஏமாற்றவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரவர் பெயர் வெளியே தெரிகிறது, எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். யார் காட்டில் என்ன விளையும் என்று அடுத்தவருக்குத் தெரியாதா?

நீகாத்தா அக்கா சொன்ன கடன், உரம் விஷயம் உண்மைதான். இங்கேயும் அதே முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகச் செய்கிறவர்களின் சராசரி வயது எழுபதை நெருங்குகிறது. வண்டி ஓட்ட முடியாமல் போனால் அந்தத் தட்டு காலிதான். சில ஊர்ச் சங்கங்கள் வீட்டுக்கே வண்டி அனுப்பிக் காய் எடுத்து வருகின்றன.

விவசாயி அல்லாதவர்களும் பங்குத் தொகை கட்டி இணை உறுப்பினர் ஆகலாம், ஓட்டு மட்டும் கிடையாது. இத்தோ சாய்சாய்க்கு வருகிறவர்கள் வார நாளில் வாருங்கள், ஞாயிறன்று கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. மீன் வாங்குவதானால் ஐஸ் பெட்டி எடுத்து வாருங்கள்.