பங்குப் பட்டியலில் தெரியாத முதலாளி

ஊடகம் உண்மையில் யார் கையில், அது செய்தியை எப்படி மாற்றுகிறது? மூன்று எல்லை ஊர்களிலிருந்து குறிப்புகள்.

கொழிஞ்சாம்பாறை:
சேனல் யாருடையது என்று தேடுபவர்கள் இயக்குநர் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சேனல் இணையதளத்தின் அடியில் கம்பெனி பெயர் இருக்கும். கார்ப்பரேட் விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அதன் எம்ஜிடி-7 என்ற ஆண்டுப் படிவம் கிடைக்கும். பங்குதாரர் விவரம் அதில். அங்கேயும் இன்னொரு கம்பெனி பெயர்தான் இருந்தால், அதற்குத் தனியாக 100.

பங்கை விடக் கடன்தான் முக்கியம். என்டிடிவி செய்தி சேனல் நிறுவனர்களின் கம்பெனியான ஆர்ஆர்பிஆர் ஹோல்டிங் 2009-ல் விசிபிஎல் என்ற கம்பெனியிடம் சுமார் 400 கோடி கடன் வாங்கியது. கூடவே, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமைப் பத்திரம், அதாவது வாரன்ட். 13 வருஷம் அது சும்மா கிடந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விசிபிஎல்லையே வாங்கி வாரன்டை மாற்றியது: ஆர்ஆர்பிஆரில் 99.5 சதவீதம், அதன் வழியே என்டிடிவியில் 29.18. பிறகு மற்ற பங்குதாரர்களிடம் பங்கு கேட்கும் ஓப்பன் ஆஃபர், நிறுவனர்கள் விற்ற பங்கு. டிசம்பர் முடிவதற்குள் 64 சதவீதம் தாண்டியது.

நகரி:
ஆந்திராவில் இவ்வளவு தோண்ட வேண்டாம். இரண்டு பெரிய தெலுங்கு பேப்பர்களைப் பாருங்கள். சாக்‌ஷி ஜெகன் குடும்பத்தது, ஈநாடு ராமோஜி ராவ் தொடங்கியது. யார் எந்தப் பக்கம் என்று டீக்கடையிலேயே தெரியும். 2022-ல் கிராம வாலன்டியர்களுக்குப் பேப்பர் வாங்க மாதம் 200 ரூபாய் என்று, அப்போது முதல்வராக இருந்த ஜெகனின் அரசு உத்தரவு போட்டதும் ஈநாடு தரப்பு கோர்ட்டுக்குப் போனது சும்மா இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இடம் மண்டல அளவு, அதாவது தாலுகா போன்ற சிறு பிரிவு. பகுதிநேர நிருபருக்கு, அச்சான செய்தியின் நீளத்துக்குத்தான் காசு. மீதி, விளம்பரக் கமிஷன். பண்டிகை வாழ்த்து விளம்பரம் கொடுப்பவர் குவாரிக்காரர், தனியார் பள்ளிக்காரர். அதனால் மணல் செய்தியில் பிடிபட்ட லாரி இருக்கும், டிரைவர் இருப்பார், ஓனர் இருக்க மாட்டார்.

குமுளி:
இங்கே சிக்கல் வேறு. இங்கே வரும் தமிழ்ப் பேப்பர் பதிப்பின் விளம்பரச் சந்தை தேனி, மதுரையோடு முடிகிறது. கேரளப் பக்கத்து பீருமேடு, தேவிகுளம் எஸ்டேட் கூலிப் பேச்சுவார்த்தைக்கு அதில் விளம்பரதாரர் யார்? ஆகவே உள்பக்கத்தில் நாலு வரி. முல்லைப்பெரியாறு என்றால் மட்டும் முதல் பக்கம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-லேயே ஊடக உடைமைக்கு வரம்பு பரிந்துரைத்தது. கட்சிகள் ஒளிபரப்புக்குள் வரக் கூடாது என்றும் சொன்னது. சட்டம் வரவில்லை.

கொழிஞ்சாம்பாறை:
விட்டுப்போனது: கடன் விவரம் எம்ஜிடி-7-ல் முழுசாக வராது. நிதிக்கணக்கு தாக்கல் செய்யும் படிவமான ஏஓசி-4-ல் நிதிநிலை அறிக்கைக்குப் பின்னால் வரும் குறிப்புகளைப் பாருங்கள். பணம் கட்டியபின் ஆவணம் குறிப்பிட்ட நேரம்தான் திறந்திருக்கும், உடனே இறக்கிக்கொள்ளவும்.