கடற்காற்றில் புதுப் பிஸ்டல்: துருப்புள்ளியும் முழுதாக மூடாத ஸ்லைடும் (உதவி தேவை)

உப்புவெளி வியாபாரி:
வணக்கம். திருகோணமலை டவுனில் கடை வைத்திருக்கிறேன். இரவில் காசோடு வீடு திரும்ப வேண்டியிருப்பதால் சுயபாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் எடுத்தவன். பழைய ரிவோல்வருக்குப் பதிலாக இப்போது 9 மி.மீ. பிஸ்டல் கிடைத்திருக்கிறது. நீலம் ஏற்றிய இரும்பு. சேர்ட்டுக்குள், இடுப்பில், தோல் உறையில் வைத்துக் கொண்டு போகிறேன்.

இரண்டு பிரச்சினை. உடம்போடு ஒட்டும் பக்கத்தில், பின் குறிகாட்டிக்குக் கீழே செம்புள்ளி விழத் தொடங்கிவிட்டது. அப்புறம், ரவை ஏற்றும்போது ஸ்லைட் (பிஸ்டலின் மேலே முன்பின்னாக நகரும் பகுதி) கடைசி ஒன்றிரண்டு மி.மீ. மூடாமல் நின்றுவிடுகிறது. பெருவிரலால் தள்ளினால்தான் மூடும். ரவை இல்லாமல் இழுத்து விட்டால் சரியாக மூடுகிறது. அப்பா தன்ர துவக்குக்குத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். இதற்கும் அதையே போடலாமா?

தம்பலகாமத்தான்:
தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி. பன்றிக்காவலுக்கு எங்களிடம் 12 போர் துவக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் பழைய ஆட்கள் அதைத்தான் பூசுவார்கள். முதலில் வழவழவென்றிருக்கும். நாளாக ஆகப் பிசினாகி, வயல் தூசியையும் பிடித்துக்கொண்டு, குதிரை (சுடும்போது அடிக்கும் சுத்தி) அசையவே மறுக்கும். துவக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

களஞ்சியக்காரர் (ஓய்வு):
பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் வேலை செய்தவன், கிழக்கில்தான் கூடுதலான காலம். எதைத் தொடும் முன்னும் மகசினை (ரவைக் கூட்டை) கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடித்து, குழலில் ரவை உட்காரும் அறைக்குள் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். ரவைகள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும்.

துருவுக்குக் காரணம் கடற்காற்றைவிட உங்கள் வியர்வை. இரண்டிலும் இருப்பது உப்புத்தான், ஆனால் வியர்வை இரும்பிலேயே ஒட்டி நிற்கிறது. நீலம் ஏற்றுவது என்பது இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம், அவ்வளவுதான். எண்ணெய் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அது காக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். இரவு முழுக்க உறைக்குள் கிடந்தால் எந்த எண்ணெயும் நிற்காது. காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் இன்னொரு தரம். பூட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் அதை அடிக்கடி மாற்ற வேண்டும்.

செம்புள்ளிக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, நீலமும் சேர்ந்து போய்விடும்.

ஸ்லைட் விஷயம்: வெறுமையாக மூடுகிறது என்றால் ஸ்லைட் ஓடும் தண்டவாளத்திலும் அதைத் தள்ளும் சுருள்வில்லிலும் குற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு கேள்வி. ஸ்லைடைக் கையால் தாங்கிக்கொண்டே முன்னால் விடுகிறீர்களா? அப்படி விட்டால் நல்ல பிஸ்டலும் மூடாது. முழுக்க இழுத்து அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது, ரவைகளை எதில் வைத்திருக்கிறீர்கள்?

உப்புவெளி வியாபாரி:
நன்றி ஐயா. தாங்குவதில்லை, இழுத்து விட்டுவிடுகிறேன். ரவைகள் இடுப்புப் பட்டியில் உள்ள தோல் பையில்.

களஞ்சியக்காரர் (ஓய்வு):
அப்படியென்றால் களிம்பாக இருக்கலாம். பித்தளையும் பதனிட்ட தோலும் சேர்ந்தால் பச்சையாக மெழுகு மாதிரிப் படியும். பிஸ்டலைக் கழற்றி, குழலை மட்டும் தனியே எடுத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, அறைக்குள் ஒரு ரவையை விடுங்கள். டக்கென்று உட்கார்ந்து, குழலைத் திருப்பினால் தன் பாரத்திலேயே விழ வேண்டும். சுடும் பொறி கூட இல்லாததால் இதில் ஆபத்தில்லை. ஏற்றி இறக்கிப் பார்ப்பதை வீட்டில் உயிர் ரவையில் செய்யாதீர்கள், மருந்தில்லாத போலி ரவையில் மட்டும்.

கிண்ணியா வாசகர்:
ஒரு கேள்வி. தினமும் இரவில் இறக்கிக் காலையில் அதே ரவையை ஏற்றினால் கெடுதி உண்டா?

களஞ்சியக்காரர் (ஓய்வு):
உண்டு, நல்ல கேள்வி. ஒவ்வொரு ஏற்றத்திலும் சன்னத்தின் மூக்கு அறை வாயிலுள்ள சரிவில் இடிபட்டு, சன்னம் கொஞ்சம் கொஞ்சமாக ரவையின் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். புது ரவையொன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், கட்டையாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அனுமதியில் கிடைப்பது கொஞ்சம்தான் என்று அதையே போடக்கூடாது.

உப்புவெளி வியாபாரி:
செய்து பார்த்தேன் ஐயா. பையில் கிடந்தவை பாதியில் நின்றன, அடியில் பச்சைப் படிவு. பெட்டியில் இருந்தவை சுத்தமாக உட்கார்ந்து தானாக விழுந்தன. அறைக்குள்ளும் தொழிற்சாலைக் கிரீஸ் கெட்டியாக இருந்தது, நைலோன் தூரிகையால் எடுத்தேன். பச்சை பிடித்தவற்றைத் தேய்த்துப் பாவிக்கலாமா?

களஞ்சியக்காரர் (ஓய்வு):
வேண்டாம். பித்தளை அரிபட்டிருந்தால் வெளியே தெரியாது. குப்பையிலோ கடலிலோ போடவும் கூடாது. கணக்கில் உள்ள பொருள், அனுமதிப்பத்திரத்தோடு பொலிஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். மற்றவற்றைப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். எண்ணெய் ரவையின் அடியிலுள்ள வெடிப்பொட்டுக்குள் ஊறினால் வெடிக்காமல் போகும். சுத்தமான ரவையிலும் ஸ்லைட் நின்றால் வீட்டில் அரம் எடுக்காமல், பழுதுபார்க்க அனுமதி உள்ளவரிடம் கொண்டுபோங்கள்.