எழுத்துப் பகுதியில் 5.5: மறுதேர்வா, ப்ரீ-செஷனல் வகுப்பா?

பொன்னிக்கரையான்:
அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு நிபந்தனையுடன் இடம் கிடைத்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தகுதித் தேர்வில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பகுதியும் 6.0-க்குக் கீழே போகக்கூடாது என்கிறார்கள். எனக்கு மொத்தம் 6.5 வந்துவிட்டது, எழுத்தில் மட்டும் 5.5. படிப்பு தொடங்கும் முன் கோடையில் நடக்கும் ஆறு வார ப்ரீ-செஷனல் ஆங்கில வகுப்பில் தேறினாலும் சேர்த்துக்கொள்வதாகப் பல்கலைக்கழகம் சொல்கிறது, ஆனால் அதற்குக் கட்டணம் தனி. பொறியியல் முழுவதையும் ஆங்கிலத்திலேயே படித்தவன் அரை மதிப்பெண்ணுக்காக இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

வடதிசை:
செலவை மட்டும் பார்த்தால் மறுதேர்வுதான் சரி. வகுப்புக் கட்டணமும் அங்கே தங்கும் செலவும் சேர்ந்தால் தேர்வுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். கணினி வழியில் எழுதினால் சில நாள்களிலேயே முடிவு தெரியும். அதற்கும் முன், தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கோரலாம். மதிப்பெண் மாறினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு என்பதால், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மைக்கூடு:
இத்தகைய வகுப்புகளில் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி. தேர்வு கேட்பதும் பல்கலைக்கழகம் கேட்பதும் ஒன்றல்ல. தேர்வின் இரண்டாம் வினாவில், எந்த நூலையும் புரட்டாமல், சுமார் நாற்பது நிமிடத்தில் 250 சொற்களில் உங்கள் கருத்தைச் சொன்னால் போதும். முதுநிலைப் படிப்பிலோ பத்துப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றுள் எது எதோடு முரண்படுகிறது என்று கண்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் மேற்கோள் காட்டி, இரண்டாயிரம் மூவாயிரம் சொற்களில் வாதத்தை நிறுவ வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் இப்படி எழுதும் பழக்கத்தை எத்தனை பேருக்குத் தருகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறர் வாக்கியத்தைச் சிறிது மாற்றி எழுதிவிட்டு, அது கருத்துத் திருட்டில் சேரும் என்பதையே அறியாமல் முதல் பருவத்தில் மாட்டிக்கொள்பவர்களுள் நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களும் உண்டு. ப்ரீ-செஷனல் வகுப்பின் பெரும்பகுதி இதற்கான பயிற்சிதான்; விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதும் கருத்தரங்கில் குறுக்கிட்டுப் பேசுவதும் அதில் அடங்கும். ஆனாலும் அரை மதிப்பெண்தான் சிக்கல் என்றால் மறுதேர்வு எழுதுவதை நான் தடுக்கமாட்டேன். சேர்ந்த பிறகு பாடத்தோடு நடக்கும் இன்-செஷனல் வகுப்புகள் பெரும்பாலான இடங்களில் இலவசம். அவற்றை மட்டும் தவறவிடாதீர்கள்.

பொன்னிக்கரையான்:
மிக்க நன்றி, அக்கா. வகுப்பில் சேர்ந்தும் தேறாவிட்டால் என்ன ஆகும்? விசாவை இரண்டு முறை எடுக்க வேண்டியிருக்குமா?

மைக்கூடு:
அங்கும் கட்டுரை, வாய்மொழி அளிக்கை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தேறாவிட்டால் முதுநிலை இடம் கைநழுவும், ஆகவே அதைப் பெயருக்கு நடத்தும் வகுப்பாக எண்ண வேண்டாம். வருகைப் பதிவும் விசா விதிகளோடு பிணைந்தது.

வடதிசை:
விசாவைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ப்ரீ-செஷனலுக்குப் பல பல்கலைக்கழகங்கள் சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸை ஏற்காமல், பிரிட்டன் விசாவுக்கென நடத்தப்படும் 'யுகேவிஐ ஐஇஎல்டிஎஸ்' என்ற வகையைத்தான் கேட்கின்றன. வினாத்தாள் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதில் நான்கு பகுதியிலும் 5.5 இருந்தால், வகுப்புக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரே சிஏஎஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி) தருவது வழக்கம். அப்போது ஒரு விசா போதும். அதற்குக் கீழே என்றால் தனித்தனி சிஏஎஸ், இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். எனவே மறுதேர்வுக்குப் பதிவு செய்யும்போது யுகேவிஐ வகையையே எடுங்கள். மதிப்பெண் 6.0-ஐத் தொட்டால் வகுப்பே தேவைப்படாது. தொடாவிட்டாலும் அதே சான்றிதழைக் கொண்டு வகுப்பில் சேரலாம். வகுப்புக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி எது என்பதை மட்டும் சேர்க்கைப் பிரிவிடம் இன்றே கேட்டு, அதற்கு முன்பாகத் தேர்வுத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.