நின்று சுடும்போது குண்டுகள் பக்கவாட்டில் சிதறுகின்றன: ஜாக்கெட்டின் குற்றமா, என் குற்றமா?

சாட்ஸ்வர்த் தம்பி, டர்பன்:
10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன், வலது கைக்காரன். இரண்டு மாதத்துக்கு முன், சுடும்போது போடும் விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தொளதொளவென்று இருந்ததால் அம்மாவிடம் கொடுத்தேன். ரவிக்கை தைத்துப் பழகிய கை; பொத்தான்களைத் தள்ளித் தைத்துச் சிக்கென்று பிடித்துவிட்டார். டி-ஷர்ட்டோடு சுட்டபோது வட்டமாக விழுந்த குண்டுகள் இப்போது இடமும் வலமுமாகப் பரவுகின்றன. 40 குண்டு தாண்டினால் இன்னும் மோசம். ஜாக்கெட் போட்டால் உடம்பின் ஆட்டம் குறையும் என்றார்களே?

பீனிக்ஸ் பெரியவர்:
அம்மாவின் கைவண்ணத்தில்தான் வினை இருக்கிறது, தம்பி. நின்ற நிலையில் ஜாக்கெட்டின் வேலை முதுகுக்கு. துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். அதை முன்னால் ஏந்த, இடுப்புக்கு மேலே உடலைப் பின்னால் சாய்த்து, இடப்பக்கம் சற்றுத் திருகி நிற்கிறோம். அந்த வளைவுக்கு விறைத்த துணி முட்டுக்கொடுக்கிறது, முதுகுத் தசை சீக்கிரம் சோர்வதில்லை. மார்பை இறுக்குவது அதன் வேலையே அல்ல. இறுக்கினால் நாடித்துடிப்பு குழலுக்கு ஏறும். திருகிய உடலையும் துணி வலப்பக்கமாகத் திருப்பி இழுக்கும். நீங்கள் தசையால் எதிர்த்து நிற்கிறீர்கள், 40 குண்டில் தசை கைவிடுகிறது. பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, அது எதையும் மன்னிக்காது.

குறிவைத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி எங்கே நகர்ந்திருக்கிறது? தசை எதிர்க்காதபோது உடல் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது காட்டிவிடும்.

பிரிட்டோரியாவிலிருந்து:
போட்டி விதியையும் பாருங்கள். பொத்தான் போட்ட ஜாக்கெட்டின் ஓரத்தை இழுத்தால், வழக்கமாகப் பூட்டும் இடத்தைத் தாண்டி 70 மில்லிமீட்டராவது மறுபக்கத்தின்மேல் படிய வேண்டும். இல்லையென்றால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று: டர்பன் ஈரக்காற்றில் கேன்வாஸ் தளர்ந்திருக்கும். ஜூலைக் குளிரில் இங்கே வந்து ராத்திரி முழுக்கக் காரில் போட்டுவைத்தால் அட்டையாகிவிடும். விறைப்புச் சோதனையில் துணி 3 மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அளந்தேன், 35 மில்லிமீட்டர்தான்! கண்ணை மூடித் திறந்தால் குறி பக்கத்து அட்டையின் விளிம்பில் நிற்கிறது, வலப்பக்கம். பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்ததால் பொத்தான்களை அங்கேயே திரும்பத் தைத்தாயிற்று. "கோணி மாதிரி இருக்கிறது" என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். நேற்று 60 குண்டும் சுட்டேன். பக்கவாட்டுச் சிதறல் பாதியாகிவிட்டது. ஆனால் கடைசிப் பத்து குண்டுகள் கீழே இறங்குகின்றன.

பீனிக்ஸ் பெரியவர்:
இடுப்பெலும்பில் ஊன்றிய இடது முழங்கை வழுக்குகிறதோ? துப்பாக்கியைத் தூக்கும்போது ஜாக்கெட்டும் மேலேறி, அங்கே மடிப்பு விழும். ஒவ்வொரு முறையும் முதுகுப்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டுத் தூக்குங்கள். அப்போதும் இறங்கினால் பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோ ஒன்று போடுங்கள், பார்க்கிறேன்.