‘பால்நிலையறி பாதீடு’: ஒரு முன்மொழிவும் சில ஐயங்களும்

அன்புடையீர், வணக்கம்.

அரசின் வரவும் செலவும் பெண்களையும் ஆண்களையும் எப்படி வெவ்வேறாகத் தொடுகின்றன என்பதை எடைபோட்டு பட்ஜெட் போடும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஜெண்டர் ரெஸ்பான்சிவ் பட்ஜெட்டிங்’ என்று பெயர். இத்தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாத இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: மகளிர் நிதிநிலை அறிக்கை, பாலின வரவுசெலவுத் திட்டம், பாலின உணர்வுள்ள பட்ஜெட், பாலினத் துலங்கல் பாதீடு. நான்கையும் படித்த பின்பு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன் இக்கருத்து எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதில் நமக்குள் உடன்பாடு வேண்டும். அது இல்லாமல் சொல்லைத் தேடினால் அகராதியைப் புரட்டுவதோடு வேலை நின்றுவிடும்.

முதற்சொல்லான ‘மகளிர் நிதிநிலை அறிக்கை’யை நான் ஏற்கவில்லை. அதை முன்மொழிந்த அம்மையாரின் பக்கம் வரலாறு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1984இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசு இம்முறையைத் தொடங்கியபோதும், 1995இல் தென்னாப்பிரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து இதைக் கையில் எடுத்தபோதும், இதற்கு ‘மகளிர்’ என்ற பெயரே இருந்தது. ஆனால் அப்பெயரைக் கேட்டவர்கள், பெண்களுக்கென்று தனியாக ஒரு பட்ஜெட் போடப்படுகிறது என்றே புரிந்துகொண்டார்கள். பெயர் மாறியதற்கு இந்தத் தவறான புரிதலும் ஒரு காரணம். பிலிப்பைன்சில் ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பால்நிலை (ஜெண்டர்) வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 1990களிலிருந்து இருந்துவருகிறது. நல்ல விதிதான். ஆனால், அந்த 5 விழுக்காட்டை எங்கே செலவழிப்பது என்று பேசி முடிப்பதற்குள், எஞ்சிய 95 விழுக்காடு யாரை எப்படித் தொடுகிறது என்ற கேள்வி மேசையிலிருந்து நழுவிவிடும் அபாயம் அதிலேயே இருக்கிறது. நாம் பெயர் தேடும் முறை முதன்மையாகக் கேட்பது அந்த 95 விழுக்காட்டைப் பற்றித்தான்.

இதை ஒரு கணக்குத் தலைப்பைக் கொண்டு பார்க்கலாம். நாட்டின் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புச் செலவை நிதியமைச்சகம் ஓராண்டு பாதியாகக் குறைக்கிறது என்று கொள்வோம். அந்த வரியில் ‘பெண்’ என்ற சொல்லே இராது. கணக்குப்படி அது சிக்கனம். ஆனால், குழாய் பழுதான இடங்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நேரம் கூடுகிறது. அந்த நேரம் பெரும்பாலும் யாருடையது என்று நமக்குத் தெரியும். அரசு மிச்சப்படுத்திய தொகையை ஒரு பகுதியினர் தங்கள் பொழுதால் ஈடுகட்டுகிறார்கள், அந்த ஈட்டுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. பொருளியலாளர் டயான் எல்சன் வகுத்த பகுப்பாய்வுக் கருவிகளில், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்க்கும் பொழுதுப் பயன்பாட்டு ஆய்வும் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். 2019ஆம் ஆண்டின் இந்தியப் பொழுதுப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்டவர்களுள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகப் பதிவாகியுள்ளது. பராமரிப்புச் செலவை வெட்டும் அலுவலர் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும் என்பதே இம்முறையின் சாரம். எனவே நமக்கு வேண்டியது ஓர் அறிக்கையின் பெயரன்று, ஒரு செயல்முறையின் பெயர்.

இந்தியாவில் 2005-06 முதல் நடுவண் பட்ஜெட்டோடு, பெண்களுக்கான ஒதுக்கீடுகளைத் தொகுத்துக் காட்டும் ஓர் அறிக்கை இணைக்கப்படுகிறது. இப்போது அது 13ஆம் எண் அறிக்கை. ஒதுக்கீடு முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் முதற்பகுதியிலும், 30 முதல் 99 விழுக்காடு வரை உள்ளவை இரண்டாம் பகுதியிலும் வரும். 30 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றுக்காக 2024-25இல் மூன்றாம் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் ஒதுக்கீடு முழுவதையும் முதற்பகுதியில் காட்டியதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் குறைகூறி வந்திருக்கிறார்கள். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகலாம் என்றிருக்க, அது எப்படி நூற்றுக்கு நூறு பெண்களுக்கான செலவாகும்? செலவு முடிவான பிறகு அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தேடுவதும், முடிவெடுக்கும்போதே வேறுபாட்டை எடைபோடுவதும் வெவ்வேறு செயல்கள். முன்னது அறிக்கையிடல். நாம் பெயரிட முயல்வது பின்னதை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘நிதிநிலை அறிக்கை’ என்பது ஆவணத்தைக் குறிப்பதால் இங்கே பொருந்தாது. ‘வரவுசெலவுத் திட்டம்’ பிழையற்றது. ஆனால் அடைமொழி சேர்ந்தால் வண்டி நீண்டுவிடும், அதிலிருந்து வினையை ஆக்கவும் முடியாது. பட்ஜெட்டுக்கு இலங்கைத் தமிழர்கள் வழங்கும் ‘பாதீடு’ எனக்கு எல்லா வகையிலும் உவப்பானது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதைப் பாடும் வெட்சித்திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளுள் பாதீடும் ஒன்று. கவர்ந்துவந்த ஆநிரையைப் பகுத்துக் கொடுப்பதை அது குறிக்கும். பகிர்ந்துண்ணும் உணவைப் ‘பாத்தூண்’ என்கிறோமே, அதே வேர்தான். (கொள்ளையடித்த மாட்டைப் பங்கிடும் சொல்லை அரசின் நிதிக்கு வைக்கலாமா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். வரி செலுத்துவோர் பலருக்கு அதில் முரண்பாடு தெரியாது என்று நினைக்கிறேன்.) பாதீடு செலவை மட்டும்தானே குறிக்கும், வரியை விட்டுவிடுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஜெர்மனியில் கணவன், மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி கணக்கிடும் முறை உண்டு. அதில் குறைவாக ஈட்டுபவரின் அடுத்த ரூபாய்க்கு, மன்னிக்கவும், அடுத்த யூரோவுக்கு, அவர் தனியாளாக இருந்தால் விழுவதைவிட மிகுந்த வரி விழுகிறது. அவர் பெரும்பாலும் மனைவியே. ஆகவே வரியும் இம்முறையின் உட்பொருள்தான். ஆயினும் வரி என்பதும் சுமையைப் பகுப்பதே என்பதால், பாதீடு அதைத் தாங்கும் என்று கருதுகிறேன்.

அடுத்தது ‘பாலினம்’. தமிழ்நாட்டு வழக்கில் இச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘பாலின விகிதம்’ என்று சொல்லும்போது உடற்கூற்று வேறுபாட்டையும், ‘பாலின சமத்துவம்’ என்று சொல்லும்போது சமூகம் வகுத்த வேறுபாட்டையும் அது குறிக்கிறது. நம் கருத்தோ முழுக்க முழுக்க இரண்டாவதைப் பற்றியது. குடம் தூக்குவதற்கு உடற்கூறு காரணமில்லை. இங்கும் இலங்கை வழக்கே தெளிவாக இருக்கிறது: அவர்கள் சமூக வேறுபாட்டைப் ‘பால்நிலை’ என்கிறார்கள். நிலை என்பதில், மாறக்கூடியது என்ற குறிப்பும் இருக்கிறது. பால்வளத் துறையின் கோப்பில் இச்சொல் வந்தால் குழப்பம் நேரலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மிஞ்சியிருப்பது ‘ரெஸ்பான்சிவ்’. இதில்தான் இழை சிக்கிக்கொண்டது. ‘துலங்கல்’ உளவியல் பாடநூலில் தூண்டலோடு சேர்ந்து வரும்போது விளங்குகிறது. வெளியே வந்தால், துலக்கிய பாத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘உணர்வுள்ள’ என்பது மனநிலை. உணர்ந்துவிட்டு ஒதுக்கீட்டை அப்படியே விடுபவரையும் அது உள்ளே சேர்த்துக்கொள்ளும். ‘எதிர்வினை’யில் பகை தொனிக்கிறது. எனவே ‘அறி’ என்னும் வேரை எடுத்து, வினைத்தொகையாக்கி, ‘பால்நிலையறி பாதீடு’ என்கிறேன்.

வினைத்தொகையின் வசதி, அது முக்காலத்தையும் உள்ளடக்குவது. பால்நிலையை அறிந்த, அறிகின்ற, அறியும் பாதீடு. திட்டமிடும்போது வேறுபாட்டை ஆராய்தல், செலவாகும்போது கண்காணித்தல், முடிந்தபின் தணிக்கை செய்தல் என்று பாதீட்டுச் சுழற்சி முழுவதிலும் இம்முறை செயல்பட வேண்டும் என்பதால், காலத்தைச் சுட்டாத அடைமொழி இங்கே பொருத்தமாக அமைகிறது. உகாண்டாவில் 2015ஆம் ஆண்டின் பொதுநிதி மேலாண்மைச் சட்டப்படி, பாதீட்டு முன்மொழிவுகள் பால்நிலையையும் சமநீதியையும் கருத்தில் கொண்டுள்ளன என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரியாவில், மெய்யான சமத்துவத்தைப் பாதீட்டின் நோக்கமாக அரசியலமைப்பே சொல்கிறது. ஒன்று நுழைவாயிலில் நிற்கும் ஏற்பாடு, மற்றது விளைவை நோக்கும் ஏற்பாடு. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டலாம்.

அறிதல் மட்டும் போதுமா, செயல் எங்கே என்று கேட்பீர்கள். செயல் ‘பாதீடு’ என்பதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்ஜெட் என்ற சொல் பணப்பையிலிருந்து பிறந்தது. அதில் பகிர்தல் இல்லாததால் அடைமொழியே எல்லாச் சுமையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. தமிழில் பகுத்தல் பெயர்ச்சொல்லிலேயே அமைந்துவிட்டதால், அறிந்து பகுத்தல் என்ற முழுப்பொருளும் கிடைத்துவிடுகிறது.

எழுத்துமுறை குறித்து ஒன்று. வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது: ‘பால்நிலையறிப் பாதீடு’ என்று எழுதலாகாது. பாலினம் என்ற சொல்லையே விரும்புவோர் ‘பாலினமறி பாதீடு’ என்று புணர்த்தினால் வரி முடிவில் ‘பாலின’ என்றும் ‘மறி’ என்றும் உடையக்கூடும். அப்போது அது பாலினத்தை மறிக்கும் பாதீடாகிவிடும். ஒரு வரைவில் எனக்கே அப்படி உடைந்தது. அவர்கள் ‘பாலினம் அறி பாதீடு’ என்று பிரித்தெழுதுவதே நல்லது.

இதன் எதிர்ச்சொல்லாகப் ‘பால்நிலையறியாப் பாதீடு’ வரும். இங்கே ஒற்று மிகும். இணைப்பு ஆவணத்தைப் ‘பால்நிலைப் பாதீட்டு அறிக்கை’ எனலாம். ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் அதன் பால்நிலைத் தொடர்பைக் காட்ட இடப்படும் ‘டேக்’குக்குத்தான் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘குறியீடு’ ஏற்கெனவே கணக்குத் தலைப்பின் எண்ணுக்குப் போய்விட்டது, ‘அடையாளக்குறி’ நீளம், ‘ஒட்டு’ என்றால் மாம்பழத் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். கணக்குத் துறையில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் இதை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.