டபுள் கெப்பில் கரவன் இழுக்கலாமா? பிறேக் இல்லாத கரவன், அறுகம்பை, எல்ல வரைக்கும்

கல்லடி வாசி:
வணக்கம். என்னிடம் 2012 ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது, 3.0 டீசல், போர்வீல். கொழும்புப் பக்கம் ஒருவர் கரவன் கட்டி விற்கிறார். ஒற்றை அச்சு, 15 அடி நீளம், உள்ளே கட்டில், சின்னக் குசினி, கழிப்பறை எல்லாம் உண்டு, வெறும் நிறை 1,250 கிலோ என்கிறார். சுற்றுலா சீசனுக்கு அறுகம்பைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி வாடகைக்கு விடலாம், சீசன் முடிய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எல்ல, பண்டாரவளை மலைப் பக்கம் போகலாம் என்று ஓர் எண்ணம். கரவனுக்கு பிறேக் இல்லை. கேட்டால் "ஹைலக்ஸ் லொறியையே இழுக்கும், இதுக்கு எதுக்கு பிறேக்" என்று சிரிக்கிறார். பின் பம்பரில் ஒரு கொக்கியும் வெல்ட் பண்ணித் தருவாராம். மச்சான் வேண்டவே வேண்டாம் என்கிறார், கராஜில் கேட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று லொறி:
தம்பி, ஹைலக்ஸ் இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உழவு மெசின் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி இழுப்பதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் மெசின் போகிற வேகம் என்ன, நீங்கள் கோமாரி தாண்டி அழுத்தப் போகிற வேகம் என்ன?

முதலில் அந்த 1,250ஐ மறந்துவிடுங்கள். அது கரவன் பெட்டி வெறுமையாக நிற்கும்போது. தண்ணீர்த் தாங்கி 100 லீற்றர் என்றால் அதுவே 100 கிலோ. காஸ் சிலிண்டர், மெத்தை, பற்றரி, ஏசி, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் என்று ஏற்ற ஏற்ற 1,600க்கு வந்து நிற்கும். காசு கொடுக்க முன்னம் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் பெரிய நெல் ஆலைகளில் லொறி நிறுக்கிற தராசு இருக்கிறது, கேட்டால் விடுவார்கள். கெப்பின் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, கரவனைக் கழற்றி அதைத் தனியாக. அந்த மூன்று கணக்கும் கையில் இல்லாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்கு.

மறுகா, பம்பரில் வெல்ட் பண்ணிய கொக்கி கூடவே கூடாது. சேற்றில் புதைந்த வண்டியைக் கயிறு போட்டு இழுக்க அது போதும். கரவனுக்கு சேஸியில் போல்ட் போட்டுப் பூட்டுகிற சட்டம் வேண்டும், அதில் உருண்டைக் குண்டு வேண்டும். குண்டு 50 மில்லிமீற்றரா, அதைவிடச் சின்னதா என்று அளந்து பாருங்கள், பழைய அமெரிக்க அளவில் 47, 48 மில்லிமீற்றர்க் குண்டும் இருக்கிறது. கரவன் மூக்கில் குண்டின் மேல் கவிழ்த்துப் பூட்டுகிற கோப்பை 50க்குச் செய்ததென்றால், அதற்குள் அந்தச் சின்னக் குண்டு பூட்டினதுபோல் இருக்கும், பெரிய குழி ஒன்றில் விழுந்தால் கழன்றுவிடும். கீழே இரண்டு சங்கிலி, குறுக்காகப் போட வேண்டும். பெட்டி கழன்றாலும் அதன் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலியில் தங்கும்.

மெல்பேர்ன் மட்டக்களப்பான்:
இங்கே அவுஸ்திரேலியாவில் பாதிச் சனம் ஹைலக்ஸில் கரவன் இழுக்கிறது. இப்போதைய போர்வீல் ஹைலக்ஸுக்கு இங்கே 3,500 கிலோ வரை அனுமதி. ஆனால் அந்த எண் பிறேக் உள்ள றெயிலருக்கு. பிறேக் இல்லாவிட்டால் அதே வண்டிக்கு 750 கிலோதான். சட்டமும் அப்படியே: 750 வரை பிறேக் தேவையில்லை, அதற்கு மேல் 2,000 வரை குறைந்தது ஓர் அச்சின் இரண்டு சில்லுக்கும் பிறேக் வேண்டும், 2,000 தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் வேண்டும், றெயிலர் கழன்று போனால் தானாகவே பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும். உங்கள் கரவன் வெறுமையாகவே 750ஐத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. விற்கிறவர் சிரிக்கட்டும், நீங்கள் சிரிக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் பார்ப்பதில்லை. கரவனின் மூக்குப் பாரம், அதாவது அதன் முன்முனை குண்டில் அழுத்துகிற நிறை, மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும், 1,600 கிலோவுக்கு 160. அது குறைந்தால் பின்பக்கம் ஆடத் தொடங்கும். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்குப் பின்னால் வைத்துக் கட்டியிருந்தால் தாங்கியை நிரப்ப நிரப்ப மூக்கு லேசாகும், அதனால் தாங்கி எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து பாருங்கள். அதற்காகச் சாமான் எல்லாவற்றையும் மூக்குப் பக்கம் குவித்தாலும் பிரச்சினை. கெப்பின் பின் அச்சிலிருந்து குண்டு 1.2 மீற்றர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3.085 மீற்றர். 160 கிலோவைக் குண்டில் வைத்தால் பின் அச்சில் 222 கிலோ ஏறும், முன் அச்சில் 62 கிலோ குறையும். ஸ்டியரிங் இருப்பது அந்த முன் சில்லில். இதற்கு மேல் ஐந்து பேரும் தொட்டியில் சாமானும் என்றால் கெப்பின் பின் அச்சு முதலில் கையை விரிக்கும். ஸ்பிறிங் பட்டை இரண்டு கூட்டிப் போட்டால் சரி என்பார்கள். பின்பக்கம் உயரும், உண்மை. ஆனால் அச்சும் சேஸியும் பழையதே, அதிகப் பாரத்தில் டபுள் கெப் சேஸி கபினுக்குப் பின்னால் வளைந்த கதைகள் இங்கே நிறைய.

ஆரையம்பதி மச்சான்:
நான் உங்கள் மச்சான் பக்கம் 😀 கெப் தொட்டியிலேயே ஒரு கூடாரம் கட்டிப் படுத்தால் முடிந்தது விஷயம், பிறேக்கும் வேண்டாம் குண்டும் வேண்டாம். சரி சரி, பகிடி. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். சீசன் நேரம் கச்சான் காற்று. நம் கரையோர ரோடு வடக்குத் தெற்காகப் போகிறது, கச்சான் மேற்கிலிருந்து நேரே பக்கவாட்டில் அடிக்கும். திருக்கோவில் தாண்டி வெளியான இடங்களில் மோட்டார் சைக்கிளையே தள்ளுகிற காற்று அது. 15 அடிக் கரவனின் சுவர் பத்துச் சதுர மீற்றர் வரும், அதோடு எதிரே பஸ் ஒன்று விசிறிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

கல்லடி வாசி:
எல்லாருக்கும் நன்றி. விற்கிறவரிடம் திரும்பக் கேட்டேன். பிறேக் போட்டுத் தரலாம், ஆனால் இன்னும் காசு வேண்டும் என்கிறார். றெயிலர் முன்னுக்குத் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற மாதிரி ஒன்றாம். அது போதுமா? இன்னொரு கேள்வி, பெட்டி ஆடத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும்?

மெல்பேர்ன் மட்டக்களப்பான்:
அந்த மாதிரி பிறேக் இங்கேயும் 2,000 கிலோ வரை அனுமதி. மட்டமான ரோட்டுக்கு நல்லது. மலை இறக்கத்தில் மட்டும் கவனம், ஏனென்றால் இறக்கம் முழுக்கப் பெட்டி கெப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிறேக்கும் பிடித்தபடியே கிடந்து சூடாகும். கரன்ட் பிறேக் என்றால் கபினுக்குள் இருந்தே பெட்டியை மட்டும் தனியாகப் பிடிக்கலாம்.

ஆட்டம் வந்தால் கெப் பிறேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒடித்துத் திருத்தப் போகவும் கூடாது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வைத்திருங்கள், வேகம் குறைய ஆட்டமும் அடங்கும். தனியாகப் பிடிக்கிற பிறேக் இருந்தால் பெட்டியை மட்டும் லேசாகப் பிடியுங்கள். வேகத்தைக் கூட்டினால் பெட்டி நேராகும் என்று ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது, அதைக் கேட்டு உயிரை விட வேண்டாம்.

அக்கரைப்பற்று லொறி:
பிறேக் போட்டு, தராசில் நிறையும் பார்த்து, குண்டும் சரி என்றால் அறுகம்பைக்குப் போங்கள் தம்பி. களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், முழுக்க மட்டமான ரோடு, 60க்கு மேல் போகாதீர்கள். கல்முனைச் சந்தை நேரம் மட்டும் தவிருங்கள், அந்த நெரிசலில் பெட்டியோடு மாட்டினால் முன்னுக்கும் போக ஏலாது பின்னுக்கும் போக ஏலாது.

எல்ல வேறு கதை. ஏற்றத்தில் என்ஜின் சூடேறும், கொஞ்சம் நிறுத்தி ஆற விட்டால் சரியாகிவிடும். இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே, அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் வெல்லவாய வந்துவிடும், இறக்கம் 800 மீற்றருக்கு மேல். கெப்பும் பெட்டியும் சேர்ந்து 4,000 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிவருகிற சக்தி 100 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். அதை என்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிறேக் வாங்கும். ஆகவே இறக்கம் தொடங்க முன்னமே இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதலாம் கியர். பிறேக்கைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், பிறகு காலை எடுத்துவிடுங்கள், காலை அதிலேயே வைத்துக்கொண்டு வராதீர்கள். கருகிய மணம் வந்தாலோ மிதி ஆழமாகப் போனாலோ ஓரத்தில் நிறுத்தி ஆற விடுங்கள், பின்னால் எத்தனை பஸ் ஹோர்ன் அடித்தாலும் சரி. செங்கலடி, மகா ஓயா, பிபிலை என்று போனாலும் லுணுகலை, பசறைப் பக்கம் வளைவுகளுக்குக் குறைவில்லை, குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம்.

அறுகம்பையிலிருந்து சியம்பலாண்டுவ வழியாக மலைக்குப் போவதென்றால் லாகுகலையைப் பகலில் தாண்டுங்கள். ரோட்டில் யானை நின்றால் சும்மா கெப் என்றால் பின்னுக்கு எடுத்துவிடலாம். பெட்டியோடு பின்னுக்கு எடுத்தால் அது குறுக்கே மடங்கும், அந்தத் தள்ளு பிறேக்கும் சில பெட்டிகளில் ரிவர்ஸில் பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்கிற பூட்டு இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள்.

ஆரையம்பதி மச்சான்:
கூடவே இதையும் கேளுங்கள்: பெட்டிக்குத் தனிப் பதிவு இருக்கிறதா, யார் பெயரில்? உங்கள் லைசென்ஸுக்கு அந்த நிறை இழுக்கலாமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸிலும் பெட்டியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் கையில் வருமட்டும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கல்லடி வாசி:
சரி. பிறேக் போடாமல் எடுப்பதில்லை என்று முடிவு. இந்த வருடம் அறுகம்பை மட்டும். எல்லவுக்குக் கெப்பில் போய் அங்கே அறை எடுக்கிறோம், பிள்ளைகள் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவார்கள், பரவாயில்லை. நிறுத்துப் பார்த்த கணக்கை இங்கே போடுகிறேன்.