அப்பாவுக்கு 67 வயசு, இடுப்பு போச்சு, ஆனா மாட்ட விக்க மாட்டேன்றாரு. இன்னா பண்றது?

கொல்லமேட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊரு ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். நான் ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கு வந்தாலே பெருசு. தங்கச்சிய ஆரணில குடுத்துட்டோம், வூட்ல அப்பா அம்மா மட்டும்தான். மாடு மொத்தம் ஏழு. ஜெர்சி கிராஸ் கறவை மூணு, சினை கெடேரி ரெண்டு, ஒரு கன்னுக்குட்டி, அப்புறம் ஒரு கெழட்டு செவல, நாட்டு மாடு, பால் வத்தி மூணு வருஷம் ஆவுது.

தை மாசம் விடிகாலைல அப்பா கொட்டாயில கோமியத்துல வழுக்கி விழுந்து இடுப்புல விரிசல். மூணு மாசம் படுக்கை. அந்த மூணு மாசமும் தெருக்காரங்க முறை போட்டுகினு வந்து பால் கறந்து சொசைட்டில ஊத்தினாங்க, ஒருத்தரும் ஒரு ரூவா வாங்கல. ஏன்னா எங்கூட்ல மாடு கன்னு போட்டா சீம்பால் வெல்லம் ஏலக்காய் போட்டு காய்ச்சி ஒரு வூடு விடாம போவும், யார் வூட்லயாவது சாவுன்னா மறுநாள் பால் ஊத்த எங்கூட்டு செம்புதான் போவும், அதுக்கு அவரு துட்டு வாங்கி நான் பார்த்ததே இல்ல.

குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மனுசன் இப்ப கழிய ஊனிகினு நாலு மணிக்கே கொட்டாய்க்கு போறாரு. வித்துடலாம்பான்னா "பாரதம் முடியட்டும்"ங்கறாரு. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், எங்க ஊர்ல வைகாசில திரௌபதி அம்மன் கோயில்ல 18 நாள் பாரதம். மதியானம் பாரதம் படிப்பாங்க, ராத்திரி விடிய விடிய கூத்து, கடைசில படுகளம், அன்னைக்கு சாயங்காலம் தீமிதி. படுத்துனு கெடக்கற துரியோதனன மண்ணுல பண்றதுக்கு ஏரி மண்ணு கொண்டாந்து கொட்டறது அப்பா வேலை, மின்ன எங்க மாட்டு வண்டில, இப்ப டிராக்டர்ல, ஆனா டிராக்டர் மேல குந்தினு போறது அவருதான்.

இதுல முக்கியமானது மாடு மடக்கு. துரியோதனன் ஆளுங்க விராட ராஜா மாட்டையெல்லாம் ஓட்டினு போவ, அர்ச்சுனன் மீட்டுகினு வர சண்டை. எங்க ஊர்ல அதுக்கு நெஜ மாடுதான். மத்தளம் அடிச்சு, கிரீடம் புஜக்கட்டையெல்லாம் லைட்டுல பளபளன்னு ஆட ஆரம்பிச்சா மத்த மாடுங்க மெரண்டு கயித்த அறுத்துகினு ஓடும், செவல மட்டும் அசை போட்டுகினு நிக்கும், அது நிக்கறத பார்த்து மத்ததுங்களும் நிக்கும். பத்து வருஷமா அதான் நிக்குது. அதனால அது அம்மனுக்கு விட்ட மாடாம், அத விக்கற பேச்சே எடுக்கக்கூடாதாம். இதுல இன்னொண்ணு, இந்த இடுப்ப வெச்சினு காப்பு கட்டி தீ வேற மிதிக்கப் போறாராம்!!

எத்தினி மாட்ட வெச்சுக்கலாம், எத்தினிய விக்கலாம், அவருகிட்ட எப்டி சொல்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சந்தைக்காரன்:
தம்பி, அவசரப்பட்டு சித்திரை வைகாசில எதையும் விக்காத. பில்லு காஞ்சு போன நேரம், எல்லாரும் தீனி இல்லாம ஓட்டினு வருவான், விலை படுத்துடும். ஆடி ஆவணில நாலு மழை பேஞ்சப்புறம் பொய்கை சந்தைக்கு ஓட்டு, செவ்வாக்கெழம, விடியறதுக்குள்ள போயிடணும், வெயில் ஏறிட்டா நல்ல வாங்கற ஆள் கெளம்பிடுவான். தரகர் துண்டுக்குள்ள வெரல புடிச்சு விலை பேசறப்ப நீ ஒதுங்கி நிக்காத, உங்கப்பாவ ஒரு சேர் போட்டு குந்த வெச்சு அவரு கைய குடுக்க சொல்லு, அவருக்கு தெரியாத வெரலா. எல்லாரும் மொதல்ல பல்லதான் பிரிச்சு பார்ப்பான், கெடேரிங்க ரெண்டு பல்லா நாலு பல்லான்னு நீயே பார்த்து வெச்சுக்கோ. சினை ஏழு எட்டு மாசம் ஆவறப்ப நல்ல விலை நிக்கும், கணக்கு பண்ணி அந்த நேரத்துக்கு ஓட்டு.

வெச்சுக்கற மாட்டுக்கு கொட்டாயில ரப்பர் மேட்டு போடு, கோமியம் ஓடறதுக்கு சரிவா காவா எடு, அவரு வுழுந்ததுக்கு காரணமே அதுதானே. பில்லு வெட்டற மிஷின் ஒண்ணும் வாங்கு. மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா அவரு தனியா அல்லாடாம, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டு டாக்டர கேக்க சொல்லு.

கணக்குப்புள்ள:
எல்லாரும் சென்டிமென்ட் பேசறீங்க, கணக்க யாரும் பேசல. பத்து லிட்டர் கறக்கற மாட்டுக்கு ஒடம்பு தேற ஒன்றரை கிலோ, அப்புறம் ரெண்டரை லிட்டருக்கு ஒரு கிலோன்னு நாலு கிலோ, ஆக நாளைக்கு அஞ்சரை கிலோ தீவனம், பில்லு வைக்கோல் தனி. சொசைட்டில 2022 நவம்பர்லதான் 32 ரூவாவ 35 ஆக்கினாங்க, 2023 டிசம்பர்ல 3 ரூவா ஊக்கத்தொகை சேர்த்து 38, அதுவும் பால்ல ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு போக மத்த சத்து) சரியா நின்னாதான். அப்ப 380 ரூவா, பாதி தீவனத்துக்கே போயிடும். இதுல பால் தராத செவலைக்கும் தீனி. எல்லாத்தையும் வித்து பேங்க்ல போடுங்க ப்ரோ.

காட்பாடி மருமக:
கணக்குப்புள்ள அண்ணா, நீங்க போட்ட கணக்குல சாணி அள்ற கூலி எங்க? அந்த ஆளுக்கு சம்பளம் இல்லன்னுதான மறந்துட்டீங்க. கொல்லமேட்டான், நீங்க எழுதினதுல அப்பா எத்தினி தடவ வர்றாரு, அம்மா எத்தினி தடவ வர்றாங்கன்னு எண்ணி பாருங்க. மூணு மாசம் தெருக்காரங்க கறந்தாங்க சரி, பில்லு அறுத்தது யாரு, தொட்டிக்கு தண்ணி ஊத்தினது யாரு, சாணி வாரினது யாரு, நடுவுல படுத்திருந்தவருக்கு கஞ்சி வெச்சது யாரு? எங்க மாமியாருக்கும் இப்டித்தான், மாமாவுக்கு மாடுன்னா உசுருன்னு ஊரே பேசும், அவங்க முட்டி தேஞ்சது யாருக்கும் தெரியாது. எங்கூட்ல சொசைட்டி பாஸ்புக்கு மாமா பேர்லதான் இருந்துச்சு, பட்டுவாடா அன்னைக்கு போய் நின்னு வாங்கினு வர்றதும் அவருதான். மொதல்ல உங்கம்மாகிட்ட கேளுங்க. அவங்க எத்தினி மாடு முடியும்னு சொல்றாங்களோ அத்தினிதான் கணக்கு. கோவமா எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க.

பாலாத்தங்கர:
நான் குடியாத்தம் பக்கம், வயசு 52. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சே, அந்த மழைல எங்க மாட்டுக்கொட்டா செவுரு சரிஞ்சுடுச்சு, மாடு தப்பிச்சுது. இதான் சாக்குன்னு எங்க நைனாகிட்ட பேசி பேசி ஒரே வாரத்துல அஞ்சையும் வித்துட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பார்த்தா தெனம் விடிகாலைல எழுந்து சொசைட்டிக்கு போறாரு, கேன் இல்ல, சும்மா போறாரு. அங்க குந்தினு யார் யார் பால் எத்தினி டிகிரி நிக்குதுன்னு எட்டி பார்க்கறது, "உன் பால்ல தண்ணி கீதே"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது. ரெண்டு பேர் சண்டைக்கே வந்துட்டான். கடைசில செக்ரட்டரி எனக்கு போன் போட்டு, அண்ணா உங்கப்பாவுக்கு ஒரு மாடு வாங்கி குடுங்க, இல்லன்னா நான் வேலைய விட்டுடறேன்னாரு. ஆறு மாசம் கழிச்சு ஒரு கெடேரி கன்னு வாங்கி கட்டினேன், சொசைட்டி பக்கம் போறது நின்னு போச்சு. மொத்தமா விக்காத தம்பி. உங்கப்பாவுக்கு நாலு மணிக்கு எழுந்தா எதுனா ஒண்ணு இருக்கணும்.

தீமிதிக்கு வேணான்னு நேரா சொல்லாத, அது வேற மாதிரி போயிடும். அவருக்கு பதிலா பையன் மிதிக்கலாமான்னு பூசாரிய கேளு, எங்க ஊர்ல அப்டி பண்ணிகீறாங்க.

கணக்குப்புள்ள:
காட்பாடி மருமக அக்கா, கூலிய விட்டுட்டது தப்புதான். சேர்த்தா இன்னும் நஷ்டம்தானே வருது, அதத்தான் நானும் சொல்றேன் 😄

கொல்லமேட்டான்:
எல்லாருக்கும் நன்றி, ஊருக்கு போயிட்டு வந்து எழுதறேன். காட்பாடி மருமக அக்கா சொன்ன மாதிரி அம்மாகிட்ட தனியா கேட்டேன். அடுப்பாண்ட குந்தினு இருந்தவங்க ஊதுகொழல கீழ வெச்சுட்டு, "இத்தினி வருஷத்துல இப்பதான் என்ன கேக்கறீங்க"ன்னாங்க, எனக்கு பேச்சே வரல. அப்புறம் அவங்களே கடகடன்னு சொன்னாங்க, கெடேரி ரெண்டும் போவட்டும், கறவைல அந்த எட்டி ஒதைக்கற கருப்பும் போவட்டும், மீதிய நான் பார்த்துக்கறேன். செவல? "அது எனக்கு இன்னா வேலை வெக்குது, காலைல அவுத்து விட்டா ஏரிக்கு தானா போவுது, பொழுது சாய தானா வருது, அது பாட்டுக்கு இருக்கட்டும்". நான் இத்தன நாளா பெரிய பிரச்சனையே செவலதான்னு நெனச்சுகினு இருந்தேன்.

அப்பாகிட்ட அம்மாவே பேசினாங்க. ஆவணில பொய்கைக்கு போலாம்னு ஒத்துகினாரு, தரகர் யாருன்னு அவருதான் சொல்வாராம். ரப்பர் மேட்டு ஆர்டர் போட்டாச்சு. "மாடு என்னா மெத்தைல படுக்குமா"ன்னு ஒரு பாட்டு வாங்கினேன்.

பூசாரிகிட்டயும் கேட்டோம். அவருக்கு பதிலா நான் மிதிக்கலாம்னுட்டாரு. ஆனா காப்பு கட்டிட்டா தீமிதி முடியற வரைக்கும் ஊர் எல்லைய தாண்டக்கூடாது, பத்து நாள். எங்க கம்பெனில மூணு நாள் லீவு கேட்டாவே எச்.ஆர். மேலயும் கீழயும் பார்ப்பாரு. நெருப்பு மிதிக்க பத்து நாள் லீவு வேணும்னு லெட்டர் எப்டி எழுதறது, யாராவது எழுதிகீறீங்களா?